தோள் மாற்றிய தபால்காரர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. குருவியம்மாவின் படங்களைத் தன்னைப்போல் பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்று அவர் நம்பினார். வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமல் இருந்ததாலேயே அது உள்ளே நன்றாக வேர் பிடித்திருந்தது.

குருவியம்மா என்பது அந்த ஓவியரின் பெயர் அல்ல. அவர் கையெழுத்துப் போடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அரிசி அளவில் ஒரு குருவியை வரைந்துவிடுவார். அது எப்போதும் இடப்பக்கம் பார்த்தபடி இருக்கும். அதைப் பார்த்து வாசகர்கள் வைத்த பெயர். அவருடைய காமிக்ஸ் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கதாநாயகன் ஒரே ஆள்தான். பாதி மூழ்கிய நகரத்தில், இடத் தோளில் பையை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகக் கடிதம் கொடுக்கப் போகும் தபால்காரர். சண்டை கிடையாது. பறப்பது கிடையாது. மழையைக்கூடக் குருவியம்மா கோடு போட்டுக் காட்டமாட்டார். தெருவில் போகிறவர்களின் கழுத்து சட்டைக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்து நாம்தான் மழை பெய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் ஆளில்லாத மதியங்களில், கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கங்களுக்குள் இறங்கிவிடுவார். ஒரு படத்தில், மூடிய கதவுக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் இருட்டு. கதவுக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டு, திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் சாப்பிட மறந்துபோனார்.

அப்படிப்பட்டவருக்குத் தன் தங்கையின் கணவர்மேல் பொறாமை வந்தது.

மாப்பிள்ளை ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டி, வீடுகளுக்குப் பெட்டி சுமந்து கொடுக்கிறவர். முன்பு ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தபோது, "பொழுது போகாம என் உயிர எடுக்குறாருண்ணா, ஏதாவது படிக்கக் குடு" என்று தங்கை வந்து கேட்டாள். மனசே இல்லாமல்தான் அவர் குருவியம்மாவின் புத்தகங்களைக் கொடுத்தார். "சாப்பிடும்போது தொட வேண்டாம்னு சொல்லு. பக்கத்த மடிக்க வேண்டாம்னு சொல்லு." மாப்பிள்ளை சாப்பிடும்போதும் தொட்டார், பக்கத்தையும் மடித்தார். முதுகு சரியாகி எழுந்தவர், பெட்டியைக் கொடுக்கிற வாசலில் எல்லாம் தபால்காரரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பெட்டி வாங்க வந்தவர்கள் கையெழுத்துப் போட மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் நூலகத்து அம்மா. ஒரு நாள் அவர் கண்ணாடிக் கடைக்கு வந்து, மூக்குப்பிடி அழுத்துகிறது என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"குருவியம்மா வராங்க, தெரியுமா? வர ஞாயித்துக்கெழமை. நம்ம நூலகத்துக்கு."

தெரியும். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. வாசகர் ஒருவர் மேடையேறிப் பாராட்டிப் பேசுவார் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. என்ன பேசுவது என்று அவர் மனசுக்குள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்.

"பாராட்டிப் பேச உங்க வீட்டு மாப்பிள்ளையக் கேட்டிருக்கேன். அவர் பேசினா கேக்கறவங்க உடனே புத்தகத்த எடுத்துட்டுப் போறாங்க, அதான்."

சின்ன திருகாணி ஒன்று அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே எங்கேயோ உருண்டது.

"நல்லாப் பேசுவார்" என்று குனிந்து தேடிக்கொண்டே சொன்னார்.

"உங்களத்தான் மொதல்ல நெனச்சேன்" என்றார் நூலகத்து அம்மா, நல்ல மனசோடுதான். "ஆனா போன தடவ நீங்க பேசினப்போ எல்லாருக்கும் பரீட்ச எழுதின மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

அன்று வீட்டில் அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வயிறு எரிஞ்சா தண்ணி குடிங்க, அணைஞ்சிடும்" என்று ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் எரியல."

"அப்படியா? பொக வருது, அதான் கேட்டேன்."

காலையில் கடை திறக்குமுன் வீட்டில் எல்லோருக்காகவும் பெயர் சொல்லிக் கும்பிடுவது அவர் வழக்கம். மாப்பிள்ளையின் பெயர் வந்தபோது வாய் அதைச் சொன்னது, மனம் சொல்லவில்லை. கடவுளுக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்கும் என்று தெரிந்துதான் அவர் அவசரமாக அடுத்த பெயருக்குப் போனார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வேனைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மச்சான், ஒரு நிமிஷம். நாளைக்குப் பேசறத உங்ககிட்ட ஒருதரம் சொல்லிக் காட்டறேன். தப்பு இருந்தா காதத் திருகுங்க. நீங்க குடுத்த புத்தகம், நீங்க போட்ட பிச்ச."

அவர் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசிக் காட்டினார். வெள்ளப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. அதில் முழுப் பக்கத்துக்கு ஒரே படம், வசனமே இல்லாத படம். இடுப்பளவு தண்ணீரில் நின்று தபால்காரர் ஒரு சன்னலுக்குக் கடிதத்தை நீட்டுகிறார்.

"கவனிச்சீங்களா மச்சான்? அந்தாளு எப்பவும் பைய எடது தோள்லதான் மாட்டுவாரு. அந்த ஒரு பக்கத்துல மட்டும் வலது தோள்ல மாட்டியிருக்காரு! ஏன்? வலி. அவ்வளவு தூரம் செமந்தா தோள் எறங்கிப் போயிடும். அந்தம்மா அதப் பத்தி ஒரு வார்த்த எழுதல, அந்தாளும் மூஞ்சியச் சுளிக்கல. தோள மட்டும் மாத்திட்டாங்க. அது மட்டுமா? எப்பவும் அந்தப் பக்கம் பாக்கற குருவி, அன்னிக்கு இந்தப் பக்கம் திரும்பி அவரப் பாக்குது."

கண்ணாடிக் கடைக்காரர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

அந்தப் பக்கத்தில் தபால்காரர் தோளை மாற்றவில்லை. அச்சகத்தில் அந்தப் பக்கத்தின் பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலம் இடமாகிவிட்டது. குருவியும் அதனால்தான் திரும்பியது. நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையில் குருவியம்மாவே இதைச் சொல்லியிருந்தார்: "மிகவும் பாடுபட்டு வரைந்த பக்கம். இன்றுவரை அதை நான் திறந்து பார்ப்பதில்லை." காமிக்ஸ் சேகரிக்கிறவர்களுக்குத் தெரிந்த செய்தி. அவர் மனைவிக்கும் தெரியும். அவளிடம் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையிடம் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அவரை ஒரு வாசகராக மதித்ததில்லை.

"தப்பு இருக்கா மச்சான்?"

பொறாமை நம்மைப் பெரிய பாவம் எதையும் செய்யச் சொல்வதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய சின்னதாக ஒன்றைத்தான் சொல்லும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினார். வேனுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் வாசிப்பு அறையில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். குருவியம்மா ஒல்லியாக, நரைத்த தலையோடு, காலுக்கு வசதியான செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடியில் இருந்த கைகளில் மையின் கறை. அந்தக் கைகளைப் பார்த்ததும் கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு படபடத்தது. இவர் முன்னால் நின்று பேச வேண்டியவன் நான், என்று அது அடித்துக்கொண்டது.

அவருக்குப் பின் வரிசையில் சேகரிப்பாளர்கள் இரண்டு பேர், உறைபோட்ட புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரை "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் குனிந்து அவர் காதில், "உங்கள விட்டுட்டு யாரையோ பேச வச்சிருக்காங்களே தலைவரே, இது என்ன கூத்து?" என்றார். கேட்க இதமாக இருந்தது.

மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் மேடையேறினார். முதல் வரியிலேயே கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். தங்கை முன் வரிசையில், தானே பேசுவதுபோல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வெள்ளப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பக்கத்துலதான் அவர் தோள மாத்தறாரு..."

பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பியது. "ஐயோ, அது அச்சுத் தப்புங்க! பிலிம் பொரண்டு போச்சு!" சத்தமாகவே சொன்னார் சேகரிப்பாளர். "இதுகூடத் தெரியாமலா மேடையேத்தினாங்க?" அங்கங்கே இன்னும் சிலர் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை நிறுத்தினார். கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. தங்கையின் உதடு அசைவது நின்றது.

கண்ணாடிக் கடைக்காரர் இதற்காகத்தானே காத்திருந்தார்? இதோ வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை கூட்டத்தில் யாரைத் தேடினாரோ அவரைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கண்ணில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. மச்சான் இருக்கிறார், மச்சானுக்குத் தெரியும், அவர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

பக்கத்தில் மனைவி அவரைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கும் தெரியாதுன்னு இப்ப எனக்குச் சத்தியம் பண்ணுங்க பாப்போம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். நாற்காலி தரையில் கீறிச் சத்தம் போட்டது.

"அவர் நேத்தே என்கிட்ட வந்து தப்பு இருக்கான்னு கேட்டார்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "எல்லாம் சரின்னு சொன்னது நான்தான். சிரிக்கறதா இருந்தா என்னப் பாத்துச் சிரிங்க."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். "தலைவரே, உங்களுக்குமா தெரியாது?" என்று பின்னாலிருந்து வந்த குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. இத்தனை நாள் சேர்த்த மதிப்பு அந்த ஒரு கேள்வியில் கலைவதை அவர் உணர்ந்தார். தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் சிரிப்பு மறுபடி மாப்பிள்ளையிடம் போய்விடும். பேசாமல் உட்கார்ந்தார்.

குருவியம்மா ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"தம்பி, தோள் வலிச்சா எப்படி மாத்துவீங்க? நின்னுட்டா, நடந்துகிட்டேவா?"

மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. "நடந்துகிட்டேதாம்மா. நின்னா வலி தெரிஞ்சிடும். இப்படி, தலைக்கு மேல பட்டைய எடுத்து..." மேடையிலேயே இல்லாத பையைத் தோள் மாற்றிக் காட்டினார்.

குருவியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டி, அவரிடமிருந்த புத்தகத்தை வாங்கினார். "அவங்க சொன்னது நெசந்தான். அச்சுல பொரண்டுபோன பக்கம். நான் இதத் தொறக்கறதே இல்ல." மடித்து மடித்து நைந்திருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "நீங்க மேல பேசுங்க."

கூட்டம் முடிந்து கையெழுத்து வாங்கும் வரிசையில் கண்ணாடிக் கடைக்காரரின் முறை வந்தது. எத்தனையோ வருஷமாகச் சொல்ல வைத்திருந்தது அவ்வளவையும் கொட்ட வாயைத் திறந்தார். ஆனால் குருவியம்மா முந்திக்கொண்டார்.

"எழுந்து நின்னது நீங்கதானே? வருத்தப்படாதீங்க, நெறைய பேருக்குத் தெரியாது." அவருடைய புத்தகத்தையே திறந்து, மை படிந்த விரலால் பொறுமையாகக் காட்டினார். "இங்க பாருங்க, சட்டப் பொத்தான். ஆம்பளச் சட்டைக்கு வலது பக்கம் இருக்கும், இதுல எடது பக்கம் போயிடுச்சு. இத வச்சுக் கண்டுபிடிக்கலாம்."

அந்தப் பொத்தான்களை அவர் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியவர். கீழேயிருந்து இரண்டாவது பொத்தானில் நூல் தொங்குவது வரை தெரியும். சொல்லியிருக்கலாம், கேட்கவும் யாரும் பக்கத்தில் இல்லை.

"அப்படிங்களாம்மா" என்றார்.

"அடுத்த தடவ உங்க கண்ணுக்கே தெரியும்" என்று சொல்லி, குருவியம்மா ஒரு குருவியை வரைந்து கொடுத்தார்.

வெளியே தெருவில் பெண்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். மாப்பிள்ளை அவரோடு பின்தங்கி வந்தார்.

"மச்சான், உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நேத்து கேட்டப்போவே?"

"எப்பவோ தெரியும், மாப்ள."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கண்ணாடிக் கடைக்காரர் நின்றார். இதைக் கடவுளிடம்கூட இன்னும் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளவில்லை.

"பொறாம" என்றார். "உங்க மேல. என்ன மன்னிச்சிடுங்க."

மாப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். யாரோ வேறு ஒருவர் முகவரிக்கு வந்த பார்சலைத் தன் கையில் கொடுத்துவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"என் மேலயா?"

"ஆமா."

"எம் மேல பொறாமப்பட என்ன மச்சான் இருக்கு? எங்கப்பாவே என் மேல பரிதாபந்தான் பட்டாரு!" முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "நெசமாவா? தூக்கம் வராத அளவுக்கா?"

"வரல."

"அடேங்கப்பா!" மாப்பிள்ளை இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "ஏய், இங்க வா! ஓடியா! உங்கண்ணனுக்கு என் மேல பொறாமையாம்!"