வெங்கடம்மாளின் இருண்ட பக்கங்கள்

கெலமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வெங்கடம்மாளுக்கு இருபத்திரண்டு வயதில் மாதத் தூரம் நின்றது. மாமியார் கெம்பம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். மாதங்கள் ஓடின, வயிறு மட்டும் வளரவில்லை. நாட்டு மருந்தும் வேண்டுதலும் வீணாயின. நெற்றிக்குள் ஒரு வலி வந்து குடியேறியது. பிறகு நடக்கும்போதெல்லாம் தோள் கதவுநிலையில் இடிக்க ஆரம்பித்தது.

“மலடிக்குத் திமிரப் பாரு, பக்கத்துல நிக்கறவளக்கூடக் கண்டுக்க மாட்டேங்கறா” என்ற கெம்பம்மா, மகன் சென்னப்பனுக்கு ராயக்கோட்டையில் வேறு பெண் பார்த்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம், ஒரு சந்தை நாள். வெங்கடம்மாள் தெருவைக் கடந்தபோது வண்டிக்காரன் கத்தியது கேட்டது, வண்டிதான் தெரியவில்லை. மாடு முட்டித் தள்ளியது. ஓடிவந்து தூக்கிய சென்னப்பனிடம் உடைந்து அழுதாள்.

“மாமா, நேரா இருக்கறதுதான் தெரியுது. ரெண்டு பக்கமும் இருட்டு. சொல்லப் பயந்துகிட்டே இருந்தேன்.”

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் அவளைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, காதோரத்திலிருந்து விரலை மெல்ல நகர்த்தினார். நேர் எதிரே வரும்வரை விரல் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

“மூளைக்கு அடியில ஒரு சின்ன சுரப்பி இருக்கும்மா. அதுல கட்டி. புத்துநோய் இல்ல. தானா எதையும் சுரக்காத கட்டி, ஆனா சுரப்பிய நசுக்குது. அதான் தூரம் நின்னுடுச்சு. மேல கண் நரம்பையும் அழுத்துது. விட்டா பார்வை போயிடும். மண்டை ஓட்டைத் தெறந்துதான் எடுக்கணும். உயிருக்கும் ஆபத்து உண்டு.”

“எடுத்தா கொழந்த பொறக்குமா?”

“அந்த நம்பிக்கைய நான் கொடுக்க முடியாதும்மா.”

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். “வாங்க, ஊருக்குப் போலாம். அந்தப் பொண்ணயே கட்டிக்குங்க. மலடின்னு சொன்னவங்க குருடின்னும் சொல்லட்டும்.”

“நோவுன்னு தெரியாம அம்மா பேசறப்பெல்லாம் நானும் வாய மூடிகிட்டுதானே இருந்தேன்? இன்னும் என்னப் பாவியாக்காத புள்ள” என்று சென்னப்பன் வாய்விட்டு அழுதான். அந்த அழுகைக்காகவே அவள் ஆபரேஷன் காகிதத்தில் கைநாட்டு வைத்தாள்.

பிழைத்தாள். முகத்தின் வீக்கம் வடிந்ததும் வலப்பக்கத்து ஜன்னல் தெரிந்தது; இடது கண் இருண்டே கிடந்தது. மிச்சக் கட்டி வளராமலிருக்கக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். மாத்திரை ஆயுசுக்கும் என்றார்கள்.

வீட்டு வாசலில் கெம்பம்மா முதலில் கேட்டது, “கொழந்த?”

“இல்லம்மா. இனிமே அதக் கேக்காத” என்றான் சென்னப்பன்.

கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெங்கடம்மாள் மொட்டைத்தலையில் சேலையை இழுத்துவிட்டு, நிலையைத் தடவிக்கொண்டு பின்னாலேயே நுழைந்தாள்.