படைக்காத கூழ்

கூழ் கொதித்து அடங்கியதும் காசியம்மாள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மருமகள் கலைவாணி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று கரண்டியை முக்கி ஒரு சின்னத் தூக்கை நிரப்பி மூடியை அழுத்தினாள். அவசரத்தில் கொஞ்சம் அடுப்பில் சிந்தித் தீய்ந்தது.

"இன்னா அத்த, கருகுற வாசன?"

"வெறகு ஈரம். நீ வாயக் கழுவு."

அன்று ஆடி வெள்ளி. கன்னியம்மனுக்குப் படைக்கும்வரை அந்தக் கூழை யாரும் தொடக்கூடாது. மீறிய பிள்ளைகளின் முதுகில் நாலு வைப்பவளே காசியம்மாள்தான்.

தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு ஏரிக்கரையோரமாக நடந்தாள். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே காரணம் சொன்னாள். ஒருத்தியிடம் மோர் என்றாள். இன்னொருத்தியிடம் ரோசிக்குக் காய்ச்சல் என்றாள். சொன்ன பிறகு, இரண்டு பேரும் ஒரே தெருக்காரிகள் என்று உறைத்தது.

ரோசியும் அவளும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். தண்ணீரில் பேச வழியில்லை. இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடக்கிவைத்த பேச்செல்லாம் கரையேறிச் சோற்றில் கை வைக்கும்போதுதான் கொட்டும். ஆடி வந்தால் காசியம்மாள் வீட்டுக் கூழ், ரோசியின் மடவைக் கருவாட்டுக் குழம்பு. மாதா கோயில் பெண்ணான ரோசி, படைத்ததா படைக்காததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ரோசி ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஜெபம் பண்ணித்தான் புருஷன் குடியை விட்டான் என்பது அவள் நம்பிக்கை. போன ஆடியில், "படைச்சத நாங்க வாயில வெக்கக் கூடாதாம் காசி. கோச்சிக்காத," என்றுவிட்டாள்.

அன்று காசியம்மாள் கூழும் கையுமாக உட்கார்ந்தாள். வெங்காயத்தைக் கடித்தாள், மிளகாயைக் கடித்தாள், மோரை ஊற்றினாள். எழுந்து வெளியே போய் நின்று குடித்துப் பார்த்தாள். தொண்டையில் இறங்கவில்லை. மிச்சத்தை ஆட்டுக்கு ஊற்றினாள். இந்த ஆடி பிறந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வருஷமும் ரோசி இல்லாமல் அந்தக் கூழைக் குடிக்க அவளால் ஆகாது.

ரோசியின் வீட்டுக்குள் காசியம்மாள் நுழையும்போதே கருவாட்டு வாசனை வந்தது.

"யாருக்குடி கொழம்பு?"

"ஊட்டுக்குத்தான். கருவாடு வீணாப் போவுது." ரோசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னா அது தூக்குல?"

"கூழு. படைக்கல. ஆத்தாளுக்கு மின்னாடியே மொண்டுக்கினு வந்துட்டேன். இத நீ குடிக்கலாமில்ல?"

ரோசி வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி! உன் ஆத்தா உன்ன சும்மா வுடுவாளா?"

"அவள நீதான் கும்புடறதில்லயே, உனுக்கு இன்னா பயம்?"

"எனுக்கு இன்னாடி? உனுக்கு ஒண்ணுன்னா நான்தான அழுவணும்!"

திட்டிக்கொண்டே இரண்டு தம்ளரில் ஊற்றினாள். குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். காசியம்மாள் ஆசையோடு தம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றது கை.

"நான் குடிக்கக் கூடாதே! இன்னும் படைக்கலயே."

ரோசி அவளையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள். "படைச்சா நான் குடிக்கக் கூடாது. படைக்காட்டி நீ குடிக்கக் கூடாது. திருடறதுக்கு மின்னாடி இத யோசிக்க மாட்டியா?"

"நீயாவது குடிடி."

ரோசி ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தாள். "போ. நல்லால்ல."

"நல்லாதான் கிண்டுனேன்!"

"எதிர்ல ஒக்காந்து நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நீ பாத்தா எப்டிடி எறங்கும்? போ. போயி படச்சிட்டு உன் பங்க வாங்கிக்கினு வா. நான் இத மூடி வெக்கறேன்."

தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. கோயில்காரர்கள் கூழ் கேட்டு வீடு வீடாக வருகிறார்கள். காசியம்மாள் தன் வீட்டுக்கு ஓடினாள்.

கோயிலில் நேரம் நகரவே இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கூழும் அண்டாவில் விழ வேண்டும், பிறகு கற்பூரம், பிறகு குறி சொல்லும் குப்பம்மாளுக்குச் சாமி வர வேண்டும். சாமி வந்த குப்பம்மாள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து காசியம்மாள் முன்னால் நின்றாள். காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். குப்பம்மாள் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்பிவிட்டு அடுத்தவளிடம் போனாள். தெரிந்துதான் பூசினாளா, தெரியாமலா? மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் காசியம்மாள் கைகூப்பினாள். வாயில் வந்தது வேறு: "சீக்கிரம் முடி ஆத்தா, அவ பசியா கெடப்பா."

தன் பங்கை வாங்கியதும் தெருவென்றும் பாராமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். உச்சி வெயில் ஏறியிருந்தது. ரோசி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூடிவைத்த கூழில் ஆடை படிந்திருந்தது.

"உன் ஆத்தாளுக்கு இம்மா நேரமா? வவுறு முதுவுல ஒட்டிக்கிச்சி."

"அதான் வந்துட்டேன்ல."

"தள்ளி வெய்யி. ரெண்டும் கலந்துடப் போவுது."

இவளுடையது இந்தப் பக்கம், அவளுடையது அந்தப் பக்கம். காசியம்மாள் ஒரு மடக்குக் குடித்து, கருவாட்டைக் கடித்தாள். புளியும் காரமும் கூழோடு சேர்ந்து இறங்கின. மறுபடி குடித்தாள். ஜெபவீட்டில் முன்வரிசைக்காக நடக்கும் சண்டையை ரோசி சொன்னாள். காசியம்மாள் சிரித்ததில் புரையேறியது. ரோசி அவள் தலையில் தட்டினாள். சட்டி பாதியானது.

"வர்ற வருசமும் திருடுவியா?" என்றாள் ரோசி.

"திருட மாட்டேன். உனுக்குனு தனியா அடுப்பு மூட்டி ஒரு சட்டி வெக்கறேன்."

"வெச்சா மட்டும்? நீ படச்சிட்டு வர்றமுட்டும் நான் காயணும்."

"காயி."

ரோசி முறைத்தாள். பிறகு சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த பெரிய கருவாட்டுத் துண்டைக் காசியம்மாள் பக்கம் தள்ளினாள்.