காலிப் போத்தல்

என் தங்கை மகன் வாசுவுக்கு ஏழு வயதிலேயே நீர்ப்பையில் கல். ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு துடிப்பான். தங்கை நல்லம்மாள் அதைச் சூடு என்றாள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள். சூடாம் சூடு! நான் கத்திய கத்தலில்தான் மலாயாவின் கேரி தீவுத் தோட்டத்திலிருந்து படகேறி, மகனோடு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவளுக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

வயிற்றைக் கீறி எடுத்த கல் புளியங்கொட்டை அளவு இருந்தது. டாக்டர் சண்முகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாக விளக்கினார். வெறும் கஞ்சியில் வளர்ந்த உடம்பு, தோட்டத்து வெயில், போதாத தண்ணீர், எல்லாம் சேர்ந்து கல் கட்டுகிறதாம்.

"நல்லாத் தண்ணி குடிக்கோணும். இல்லாட்டித் திரும்பவும் வரும்," என்றார்.

கஞ்சியை மாற்ற எங்களால் முடியுமா? ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீராவது கொடுக்கலாம். நல்லம்மாள் விடியுமுன் எழுந்து தண்ணீரைக் காய்ச்சி, பெரிய போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். திரும்பி வரும்போது போத்தல் காலியாக இருக்கும். அதைக் கவிழ்த்து லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் காட்டுவாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மழை தள்ளிப்போன மாதத்தில் லயத்துப் பின்புறமெல்லாம் காய்ந்து கிடந்தது. அவள் வீட்டு மிளகாய்ச் செடி மட்டும் தளதளவென்று நின்றது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பயலைப் பிடித்து உலுக்கினேன்.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல, மாமா," என்றான்.

கல்லை எடுத்தவர்களால் அந்தப் பயத்தை எடுக்க முடியவில்லை. என் கை தானாக அவனை விட்டுவிட்டது.

மறுபடியும் கல். மறுபடியும் படகு, கத்தி, கட்டு. இந்த முறை டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கட்டும், பார்ப்போம் என்றார்.

வாசு குடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விக்கி விக்கி, போத்தல் தீரும்வரை குடித்தான். மிளகாய்ச் செடி வாடிக் குச்சியாகிப் போனது. நல்லம்மாள் அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். சிரித்துக்கொண்டே வைத்தாள், பாவி மகள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை, வாசு பின்சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் நடுங்கியது. காலோடு வழிந்ததில் ரத்தம் கலந்திருந்தது. என்னைக் கண்டதும், அடிக்கப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நான் ஒரு சொட்டுகூடக் கொட்டலை, மாமா. அம்மா மேல சத்தியம்."

"தெரியும்டா," என்றேன்.

உள்ளே நல்லம்மாள் போத்தலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.