குச்சி ஸ்பீக்கர்

பிச்சுமணி அண்ணாச்சி ஸ்பீக்கரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஆள் உயரத்துக்கு, ஒரு சாண் அகலத்தில், கறுப்பாக ஒடுங்கி நின்றது அது. மிச்சப் பெட்டி பின்னால் ஒளிந்திருக்குமோ என்று எட்டியும் பார்த்துவிட்டார். அங்கே ஒரு வயரும் செம்பருத்திச் செடியும்தான் இருந்தன.

"என்னம்மா இது, குச்சி கணக்கா இருக்கு? பெட்டி எங்க?"

"இதான் பெட்டி அண்ணாச்சி. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு" என்றாள் கல்யாணசுந்தரி.

"இதுல எங்க நெஞ்சு அதிரும்?"

"அதிராது. பாட்டுல உள்ள சொல்லு கேக்கும்."

அம்மன் கோயில் கொடைவிழாக் கமிட்டித் தலைவரான அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சொல் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? பக்கத்துத் தெருக் கொடையில் ஜன்னல் கண்ணாடி உடைந்ததாம். இங்கே ஓடாவது நகர வேண்டாமா? தெருமுனையில் நின்ற மினி லாரியைக் கைகாட்டினார். தார்ப்பாய்க்குள் பீரோ பீரோவாக பேஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"புவனேஷ் வண்டிய ரெடியா நிப்பாட்டிருக்கேன். உன் செட்டு ஒரு தடவ நின்னுச்சுன்னா அது உள்ள வந்துரும். அதுக்குப் பொறவு நீ இந்தத் தெருவுல வயரு இழுக்க வேண்டாம், ஆமா."

இந்தத் தெருவோடு போகிற பேச்சில்லை இது. குற்றாலம் ரோட்டில் ஒரு கொடையில் செட்டு நின்றால், அச்சன்புதூர்க்காரன் வரைக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். பொம்பளை செட்டு, நின்றுபோன செட்டு என்று பேர் விழுந்தால் அப்புறம் ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைக் கையில் வைத்து அவள் நடத்துகிற முதல் கொடை இது. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மைக் ஸ்டாண்டின் திருகை இறுக்கினாள். சாரல் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது.

செட்டு அவள் புருஷன் செந்தில்வேலினுடையது. ராயகிரி, வாசுதேவநல்லூர் என்று அவர் போகாத கொடை கிடையாது. 'நம்ம செட்டு பாடினா ஓட்டுல இருக்க பல்லி கீழ விழணும்' என்பார். பல்லி விழுந்ததோ என்னமோ, அவர் காது விழுந்துவிட்டது. வருஷக்கணக்காகப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற மனுஷன். முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் போன் மணி. அப்புறம் அவள் குரல். அப்போதும் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை வைத்தே வேலை பார்த்தார். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் மைக் ஊளையிட ஆரம்பித்தது. பந்தியில் இருந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். குழந்தைகள் வீறிட்டன. செந்தில்வேல் மட்டும் மிக்சருக்குப் பின்னால் பாட்டு நன்றாகப் போகிறது என்று சிரித்துக்கொண்டு நின்றார். கல்யாணசுந்தரி இலையிலிருந்து எழுந்துபோய், எச்சில் கையோடு மைக்கைக் குறைத்தாள். அன்றைக்கே மிக்சர் அவள் கைக்கு வந்துவிட்டது.

பழைய பெட்டிகளை மாற்றத் திருநெல்வேலிக் கடைக்குப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் அவள் கேட்காமலே பெரிய பேஸ் பெட்டியில் குத்துப்பாட்டைப் போட்டார். செந்தில்வேல் முகத்தில் பல்பு எரிந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இது பெட்டி!" என்று கத்தினார். அவளோ தன் போனில் இருந்த கும்மிப்பாட்டைப் போடச் சொன்னாள். கடைக்கு வெளியே போய், பஸ் போகிற ரோட்டோரத்தில் நின்று கேட்டாள். பெரிய பெட்டியில் 'தொம் தொம்' என்றுதான் வந்தது. யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று தெரியவில்லை. குச்சி ஸ்பீக்கரில் பாடகி மூச்சு இழுப்பதுகூட ரோட்டுக்கு வந்தது. உள்ளே வந்தபோது செந்தில்வேல் அந்தக் குச்சிமேல் கையை வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நின்றார்.

"ஏட்டி, இது ஓடலயே?"

அவருக்கு மிச்சமிருந்தது அந்த அதிர்வு ஒன்றுதான். அதையும் தான் பிடுங்குகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் குச்சியைக் காட்டி, "இதுவே குடுங்க" என்றாள். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானப் பூஜை முடிந்து தெரு நடுவில் முளைப்பாரியை இறக்கி வைத்தார்கள். பொம்பளைகள் சுற்றி நின்றார்கள். லோகநாயகிதான் எப்போதும் பாட்டெடுத்துக் கொடுப்பவள். பீடி சுற்றுகிற கை, கும்மியடித்தால் சோளம் பொரிகிற மாதிரி இருக்கும். முதலில் அம்மனைப் பாடினாள். மழையைப் பாடினாள். அப்புறம்,

"தண்ணிக் குழாயக் கேட்டோமடி – நம்ம
தலைவரு தலைய ஆட்டுனாரு
ஆட்டுன தலையும் நிக்கலடி – குழாயில்
ஆறு மாசமாக் காத்து வருது"

என்று எடுத்தாள். தெருவே ஒரு நிமிஷம் திகைத்தது. பிறகு கும்மாளம் போட்டுச் சிரித்தது. மாடியில் நின்றவர்கள் சிரித்தார்கள், டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். லோகநாயகிக்கே ஆச்சரியம்தான். வருஷாவருஷம் கும்மியில் தெரு ஆம்பளைகளை ஒருபிடி பிடிப்பது வழக்கம். பேஸ் பெட்டி போடுகிற போட்டில் அது ஒருத்தர் காதிலும் விழுந்ததில்லை. இந்த வருஷம்தான் பாட்டு ஊருக்குக் கேட்கிறது. அவள் மைக்குக்கு இன்னும் ஒரு எட்டு நெருங்கி நின்றாள். பிச்சுமணி காது சிவந்து நின்றார்.

அடுத்த அடியை எடுக்கும்போது சத்தம் செத்துப்போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.

"நான் சொன்னம்லா!" பிச்சுமணி துள்ளிவிட்டார். "ஏலே புவனேஷ், வண்டிய உள்ள எடுலே!"

கல்யாணசுந்தரி மிக்சரைப் பார்த்தாள். அதில் பச்சை விளக்குகள் பாட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கின. ஆக மைக்கும் நல்லது, மிக்சரும் நல்லது. இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கெட்டிருக்காது. குனிந்து, மேஜைக்கு அடியில் தார்ப்பாய்க்குள் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு எரிந்தது. வயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஸ்பீக்கர் வயர் இரண்டையும் பிடுங்கிப் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை. தலைக்கு மேலே யாரோ "லோ வோல்டேஜா இருக்கும்" என்றார்கள். யாரோ "தீட்டு கீட்டு பட்டிருக்கும்" என்றார்கள். அவள் ஆம்பின் மேல் கையை வைத்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது.

தார்ப்பாயை நன்றாக விலக்கினாள். ஆம்பின் முகத்தை அடைத்துக்கொண்டு, அம்மன் கழுத்திலிருந்து வந்த பெரிய அரளி மாலை ஒன்று கிடந்தது.

யார் போட்டது என்று யோசிக்கவே வேண்டாம். பாட்டுப் போடுமுன் ஆம்புக்கு ஒரு மாலை; செந்தில்வேல் அதில்லாமல் சுவிட்சைத் தொட்டதில்லை. பழைய ஆம்புக்கு அதனால் பாதகமில்லை, அது பின்பக்கமாக மூச்சு வாங்குகிற சாதி. புதுசுக்கு மூச்சு முன்பக்கம். இந்தச் செட்டு அவருக்குக் கேட்காது. என்றாலும் அவள் மைக் கட்டப் போன நேரத்தில் பூசாரியிடம் கேட்டு, இருப்பதிலேயே பெரிய மாலையை வாங்கிவந்து போட்டிருக்கிறார். கல்யாணசுந்தரிக்கு அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அன்னதானப் பந்தலில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இழுத்து வந்து ஆம்பின் முன்னால் திருப்பி வைத்தாள்.

இனி ஆறுகிறவரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். தெருமுனையில் லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"பாட்ட நிப்பாட்டிராதீங்க மதினி!" என்று லோகநாயகியைப் பார்த்துக் கத்தினாள்.

லோகநாயகி நிறுத்தினால்தானே. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தொண்டையில் குழாய்ப் பாட்டைத் திரும்ப எடுத்தாள். மற்றவர்கள் வளையத்தை இறுக்கிக்கொண்டு கையை ஓங்கி அடித்தார்கள்.

பிச்சுமணி மேஜைக்கு வந்தார். மாலையைப் பார்த்துவிட்டார். "அம்மன் மாலைய இதுல யாரு போட்டா?" என்றார். கொஞ்சம் தள்ளி செந்தில்வேல் நின்றார். என்ன நடக்கிறதென்று தெரியாமல் பிச்சுமணி முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜைமேல் மாலையைக் கண்டதும் அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது. முகம் விழுந்துபோயிற்று.

தெரியாது என்று சொல்லலாம். பூசாரி தலையில் போடலாம். கல்யாணசுந்தரி ஆம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன்னத்தாம்மா கேக்கேன்" என்றார் பிச்சுமணி. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. வயர்களைச் சொருகினாள். பக்கத்தில் இருந்த அறிவிப்பு மைக்கை எடுத்தாள். கேட்டவர் ஒரு முழத் தூரத்தில் நின்றார். அவள் பதிலைத் தெருவுக்கே சொன்னாள்.

"மாலைய போட்டது எங்க வீட்டுக்காரரு. செட்டு நின்னதும் அதனாலதான். எடுத்துப் போட்டு சரி பண்ணது நான். செட்டு எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. இனிமே நிக்காது. லாரிய திருப்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஒவ்வொரு சொல்லும் தெருவின் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. பிச்சுமணி வாயைத் திறந்தார். அதற்குள் லோகநாயகி தள்ளி வைத்த மைக்கை இழுத்துக்கொண்டாள்; அவள் குரல் ஸ்பீக்கரில் ஏறிவிட்டது.

ஆனால் லாரி நிற்கவில்லை. பாதித் தெரு வந்துவிட்டது. கும்மி வளையத்தை ஒதுங்கச் சொல்லிப் புவனேஷ் ஹாரன் அடித்தான். ஒருத்தி தலை திரும்பியது, கால் தடுமாறியது.

செந்தில்வேல் நடந்துபோனார். வளையத்துக்கும் லாரிக்கும் நடுவில், லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். புவனேஷ் திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தான். தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி! யண்ணாச்சி!" என்று கத்தினான். யாரோ, "அவருக்குக் காது கேக்காதுல்லா" என்றார்கள்.

ஹாரன் அவருக்குக் கேட்காதுதான். ஆனால் இரண்டடி பின்னால் இப்படி உறுமுகிற எஞ்சினின் அதிர்வு காலில் தெரியாத ஆளில்லை அவர். அது கல்யாணசுந்தரிக்குத் தெரியும். மைக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். லாரியின் பம்பர் அவர் முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் பொம்பளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டு, அவர்கள் தட்டியதற்கு ஒரு நொடி பின்னால் தானும் தட்டிக்கொண்டிருந்தார்.