நடு இருக்கை

மூன்றாவது வண்டியின் பின்கதவையும் திறந்து பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றாள் ஓர்லா. ஏழு பேர் உட்காரும் வண்டி. அவள் கணவன் ஃபெர்கல் உள்ளே தலையை விட்டு, கன்றுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கா போகப்போகிறோம் என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. மூன்று குழந்தை இருக்கைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான். அவர்களுடைய ஐந்து வயது கீயனுக்கு ஒன்று, ஏழு மாத ஓஷீனுக்கு ஒன்று. மூன்றாவது மேவுக்கு. மூன்று வயது மேவ், ஓர்லாவின் தங்கை ப்ரோனாவின் மகள்; ஏழு வாரங்களாக இவர்களோடு இருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் வண்டி விற்கும் அந்த முற்றத்துக்கு அட்ராக்டா வருவாள். குழந்தை இருக்கைகளைப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. அறுபது வயது இருக்கும். தோட்டக்காரர்கள் மாதிரி முழங்காலில் பஞ்சுப்பட்டை கட்டியிருந்தாள். புதிய வண்டி பக்கமே அவள் போகவில்லை.

“முதல்ல நீங்க வந்த வண்டியப் பாக்கலாம்.”

“அதுல முடியாதுங்க. அளந்து பாத்தாச்சு” என்றாள் ஓர்லா.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. வண்டிக்கு இடம் இருக்கும், ஆளுக்குத்தான் பொறுமை இருக்காது” என்று சொல்லிக்கொண்டே அட்ராக்டா பழைய வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள்.

அளந்து பார்த்தாச்சு. இந்த வார்த்தையை ஓர்லா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் சொன்னது ப்ரோனாவிடம். ஜூலையில் கல்லறை ஞாயிறு. ஊர் முழுக்க அவரவர் குடும்பக் கல்லறையருகே நிற்க, பாதிரியார் நடந்துகொண்டே தீர்த்தம் தெளிப்பார். ஃபெர்கலுக்குப் புல் வெட்டும் வேலை, அவன் வரவில்லை. என் வண்டிச் சக்கரம் சரியில்லை, நானும் மேவும் உன்னோடு வந்துவிடட்டுமா என்று ப்ரோனா வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டாள். இரண்டு வாரம் முன்புதான், கீயன் கூட வராத ஒரு நாளில், மேவ் இந்த வண்டியில் வாந்தி எடுத்திருந்தாள். சோடா மாவு போட்டு மூன்று நாள் தேய்த்தும் நாற்றம் முழுதாகப் போகவில்லை. மறுபடியும் அதைச் செய்ய ஓர்லாவுக்கு மனமில்லை, அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. மூன்று இருக்கை வைக்க முடியாது, அளந்து பார்த்துவிட்டேன் என்றாள். சரி, நான் உன் பின்னாலேயே வருகிறேன் என்றாள் ப்ரோனா. ஏரிக்கரை வளைவுக்குப் பிறகு கண்ணாடியில் அவளுடைய வண்டி தெரியவில்லை.

மேவ் ஒரு கீறலும் இல்லாமல் தன் இருக்கையில் இருந்தாள்.

ப்ரோனாவின் உடலை வீட்டில் வைத்திருந்த இரண்டு நாளும் ஊரே வரிசையில் வந்து கைகொடுத்தது. ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டு ஓர்லா அதையே சொன்னாள். வண்டியில் இடமில்லை, அளந்து பார்த்தேன். நீ என்னம்மா பண்ணுவே என்று அவர்கள் தேநீர்க் கோப்பையைத் தேடிப் போனார்கள். சொல்லச் சொல்ல, கையில் நாடாவோடு பின்கதவருகே தான் குனிந்து நின்றதுகூட அவளுக்கு நினைவிருப்பது போல ஆகிவிட்டது. இன்று புதிய வண்டி வந்துவிட்டால் பழையது எங்காவது போய்விடும். அதன் பிறகு அதை யாராலும் அளக்க முடியாது.

அட்ராக்டா பின்னால் இருந்த இரண்டையும், முன் இருக்கையில் கட்டியிருந்த மேவுடையதையும் வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள்; முன்னால் இடமில்லாமல் ஃபெர்கல் பேருந்தில்தான் வந்திருந்தான். விபத்தில் இருந்த இருக்கையை மறுபடி உபயோகிக்கக் கூடாது என்பதால் மேவுடையது மட்டும் புதிது. குழந்தை பயப்படாமல் உட்காரட்டும் என்று ஃபெர்கல் தேடி அலைந்து அதே மாதிரி, அதே நிறத்தில் வாங்கி வந்திருந்தான். ஆகவே அந்தப் பழைய இருக்கை இதைவிட அகலம் என்று சொல்லவும் வழியில்லை.

ஓஷீனின் இருக்கையை எப்போதும் ஓரத்தில்தான் வைப்பார்கள். அட்ராக்டா அதைப் பின்பக்கம் பார்த்தபடி நடுவில் வைத்தாள். அதன் அகலமான தோள் முன்னால் வந்துவிட, பின்னால் இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. ஒரு பக்கம் மேவுடையது, மறு பக்கம் கீயனுடையது. முழங்காலை அழுத்தி வாரை இழுத்தாள். ஓர்லா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடாதே, மூடாதே என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கதவு மூடிக்கொண்டது. மறு கதவும்.

“பத்து நிமிஷ வேலை. யாரு சொன்னா முடியாதுன்னு?” என்று எழுந்து முழங்காலைத் தட்டினாள் அட்ராக்டா.

ஃபெர்கல் சந்தோஷமாகக் குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்தான். மேவ் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டாள். அவளுடைய தலையில் கைவைத்தபடி அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு வண்டியின் கூரைக்கு மேலாக ஓர்லாவைப் பார்த்தான்.

“அன்னைக்கு போன்ல அளந்தேன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“அளந்தியா?”

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் இரண்டு தலைகள், நடுவே ஓஷீனுடைய இருக்கையின் முதுகு, நெருக்கியடித்துக்கொண்டு. கீயன் எதற்கோ மேவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஃபெர்கல் சுற்றி வந்து முன்கதவைத் திறந்தான். பக்கத்து இருக்கையில் ஒன்றுமில்லை, ஒரு பை கூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அது இப்படித்தான் காலியாக இருந்தது. ஓர்லா அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“கொஞ்சம் இரு” என்றாள். “இப்ப உக்காராத.”

அவன் கதவைப் பிடித்தபடி வெளியே நின்றான். மழை தூற ஆரம்பித்தது.