ரேடியோவின் மேல் தகரக் கூரை

எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசியிலிருந்து, நெய்வேலி நகரியத்தின் பதினொன்றாம் பிளாக்கில், மார்த்தாளின் பூனை எந்த ரேடியோவின் மேல் படுத்தாலும் அந்த ரேடியோ நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, பூனை காதில் விழுந்த பேச்சை ஒலிபரப்பியது. அதே மாதம் அடுப்பெரிக்கும் லெக்கோ கரிக்குத் தட்டுப்பாடு வந்து பல வீடுகளில் விறகு எரித்தார்கள். வால்வு ரேடியோக்கள் சூடானவை. மழைக்குளிரில் பூனை அவற்றைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. முதலில் அது ஏறியது ஃபோர்மேன் கோபாலகிருஷ்ணன் வீட்டு ரேடியோவில். உழவர்களுக்கான செய்தி பாதியில் நின்று, பக்கத்து வீட்டு சிங்காரவேலுவின் குரல் வந்தது: "வயித்து வலின்னு லீவு சொல்லிட்டேன். அந்த ஆளு நம்பிட்டாரு. வாய்க்கால்ல மீன் புடிக்கப் போறேன், மசாலா அரைச்சு வை." அதற்கடுத்து வெகுநாள் கோபாலகிருஷ்ணன் சிங்காரவேலுவை நைட் ஷிஃப்டிலேயே போட்டார்.

எலக்ட்ரீஷியன் இசக்கிமுத்து வந்து, எர்த் கம்பி வரை பார்த்துவிட்டு, ரேடியோவில் குறை இல்லை என்று சொல்லிப் போனார். பூனையை ஒருமுறை சாக்கில் கட்டி நெல்லிக்குப்பத்தில் விட்டு வந்தார்கள். விட்டவர் பஸ் இறங்கும்போது அது ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு வொர்க்‌ஷாப்பில் தகரம் வளைக்கத் தெரிந்தவர்கள் ரேடியோவுக்கு இருபுறமும் சரிந்த கூரை செய்து கொடுத்தார்கள். பூனை ஏறினால் வழுக்கும். ஒரே வருஷத்தில் பிளாக் முழுவதும் ரேடியோக்கள் சின்னச் சின்னக் குடிசைகளுக்குள் இருந்து பாடின. மனிதர்கள் பேசுமுன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கப் பழகினார்கள். பூனை தெருவில் தென்பட்டால் சிங்காரவேலு கல்லை எடுத்தார்.

மார்த்தாள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிள்ளைகள் இல்லை. கணவன் தைரியநாதனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ஊரார் ரகசியம் தன் வீட்டு வழியாகப் போனது என்று பேச்சு வரக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். "நான் இல்லாதப்ப அது ரேடியோகிட்ட போவக் கூடாதுங்க. போச்சுன்னா பூனை இந்த வூட்ல இருக்காது" என்று அவனிடம் சொல்லி வைத்தாள். அவர்கள் ரேடியோவுக்கு மட்டும் இன்னும் கூரை வரவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்தவர்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால், அந்த வீடுகளைச் சுற்றித் தெருவே அடங்கி நடக்கும். அந்த அமைதியில்தான் கோபாலகிருஷ்ணனின் மனைவி சந்திராவுக்கு அது கேட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் உங்க வீட்ல அண்ணன் யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்காரு."

"ரேடியோவா இருக்கும்."

"ரேடியோகிட்ட யாராவது இப்படிக் கெஞ்சுவாங்களா?"

அன்று மாலை தைரியநாதனின் கண்கள் சிவந்திருந்தன. "பகல்ல தூங்குனீங்களா?" என்று கேட்டாள். "நல்லாத் தூங்குனேன்" என்றான். அது பொய் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அதன்பின் அவள் தலையணையை முகர்ந்து பார்த்தாள். கொல்லைக் கதவில் கோலமாவு தூவிவிட்டுப் போனாள். அது கலையாமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது. ஒருநாள் பாதி வகுப்பில் தலைவலி என்று திரும்பி வந்தபோது, அவன் நாற்காலியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் இல்லை. பூனையைத் தூக்கி ரேடியோவின் மேல் வைத்தால் அந்த வீட்டுப் பகல்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் கை போகவில்லை. மறுவாரம் தகரக் கூரைக்குச் சொல்லி, மற்றவர்களுடையதைவிடச் சரிவாகச் செய்து வாங்கினாள். கூரை வந்தபிறகும் சந்திராவுக்குப் பேச்சு கேட்டது. மார்த்தாளும் தைரியநாதனும் சேர்ந்து வேளாங்கண்ணிக்குப் போனார்கள், டெலிவிஷன் வாங்கினார்கள், அதற்கும் கூரை போட்டார்கள். எண்பத்து நான்கில் ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த தைரியநாதன், பகலில் அதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவுடன் மார்த்தாள் ரேடியோவின் கூரையைக் கழற்றினாள். காப்பி கொண்டுவந்த சந்திரா வாசலிலேயே நின்றாள். "வேணாம்க்கா. போனவரப் பத்தி இப்ப எதுக்கு?"

"யாருன்னு தெரியாம நான் எப்படி அழுவறது?" என்று சொல்லிவிட்டு மார்த்தாள் கிழட்டுப் பூனையைத் தூக்கி மேலே வைத்தாள். பிளக் சொருகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு தைரியநாதன் பேசினான்.

"எறங்குடி தாயி. வழுக்கி வுழுந்து மறுபடி மறுபடி ஏர்றியே. அவ வேணாம்னு சொல்லிக்கினு இருக்கா இல்ல? வெளிய வுட்டா சிங்காரவேலு கல்லால அடிப்பான். நீ எறங்கினாத்தானே நான் கண்ண மூட முடியும். நான் தூங்கறதில்லன்னு தெரிஞ்சா உன்னத் தொரத்திடுவா. வா, மடியில வந்து படு."

உயிரோடு இருந்தவரை அவன் சொல்லுக்குப் பூனை இறங்கியதாகத் தெரியவில்லை. இப்போது உடனே குதித்து, காலி நாற்காலியில் போய்ப் படுத்துக்கொண்டது. ரேடியோ நின்றது. சந்திரா காப்பியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாரிசு வேலை கிடைத்ததால் குவார்ட்டர்ஸ் மார்த்தாளிடமே இருந்தது. கூரையை அவள் மீண்டும் மாட்டவில்லை. தினமும் சாப்பிட்டபின் பூனையைத் தூக்கி வைப்பாள். இறங்கச் சொல்வான், இறங்கிவிடும். மறுபடியும் தூக்கி வைப்பாள். சிங்காரவேலு அந்த நேரத்தில் தன் வீட்டு ரேடியோவைத் தணித்து வைத்தார். குழாயடியில் சந்திரா, பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்பாள்: "அண்ணன் பேசிட்டாராக்கா?"

"பேசிட்டாரு. இன்னைக்கு ரெண்டு வார்த்த கூட" என்று மார்த்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வாள்.