ஆறில் ஒன்று

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அவளைக் கடையில் எல்லோரும் தூசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தேய்க்கிற பொடி புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளையாக அப்பியிருக்கும். முன்கடையில் பேரமும் சிரிப்பும் அமளிப்படும். அவள் பக்கம் வருவது அளவு எழுதிய உறைகள் மட்டும்தான். அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. யாரோடும் ஒட்டுவதில்லை என்று அவள் முடிவெடுத்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு நாற்பதைத் தொடும்போது கைகால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. அப்புறம் நினைவு போனது. அப்புறம் ஆளே போனார். அண்ணனுக்கும் அதே வயதில் அதே கதை. அண்ணன் படுக்கையில் கிடந்தபோது டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை நிறுத்தி, "இது வழிவழியா வர்றதும்மா. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடவே வைத்துக்கொண்டாள். அப்போது அச்சகக்காரர் ஒருவர் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். "எனக்கு இஷ்டமில்லை" என்று ஒரே வார்த்தையில் அவரை அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. டம்ளர் கைதவறி விழுந்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஒரு பெயர் மறந்துபோனால் அது நினைவுக்கு வரும்வரை தூக்கம் வராது. அண்ணன் மகளைக்கூட அதிகம் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் நேராகப் பிள்ளையின் விரல்களுக்குத்தான் போகும். அதை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடுமே என்று பயம்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, நீச்சல் குளம் ஒன்றில் நீந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் கடைக்கே போன் பண்ணினாள்.

"அத்தை, எனக்கு அப்பாவோட நோய் இருக்கான்னு டெஸ்ட் எடுத்துப் பாக்கப்போறேன். கூட ஒரு ஆள் வரணுமாம். அம்மா கடல் தாண்டி இருக்காங்க. நீங்க வருவீங்களா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள் தூசியக்கா.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம் அத்தை. தெரியாம பண்ணிக்க எனக்கு மனசு வரலை."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது, "எத்தனை மணிக்கு?"

பரிசோதனைக்கு முன்னால் பேசி விளங்கவைக்க ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகி இருந்தாள். நாற்காலியை அவர்கள் பக்கமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் புள்ளி வைத்து அதிலிருந்து இரண்டு கோடுகள் இழுத்தாள்.

"இது நீங்க. மேல் கிளை, நோய் இருக்கு. கீழ் கிளை, இல்லை. ரெண்டும் பாதி பாதி. ரெண்டையும் கூட்டினா முழுசா ஒண்ணு வந்தாகணும்." மேல்கிளையின் நுனியிலிருந்து மறுபடி இரண்டு கோடுகள் இழுத்தாள். "நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தா, இந்தக் கிளையில அதுக்கும் பாதி. கிளை வழியா போகும்போது பெருக்கணும். பாதியில பாதி, கால். கீழ்கிளையில குழந்தைக்குப் பயமே இல்லை."

அண்ணன் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஆலோசகி தூசியக்கா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன வயசும்மா?"

"ஐம்பத்திரண்டு. எனக்கும் அதே பாதிதான், தெரியும்."

"கை நடுக்கம், மறதி, ஏதாவது?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்ப பாதி இல்லம்மா" என்று ஆலோசகி புதுத்தாள் எடுத்தாள். "உங்க மாதிரி நூறு பேர்னு வைங்க. ஐம்பது பேர் மேல்கிளை, ஐம்பது பேர் கீழ்கிளை. உங்க குடும்பத்துல வர்ற வகையில, மேல இருக்கிற ஐம்பதுல நாற்பது பேருக்கு உங்க வயசுக்குள்ள அறிகுறி வந்திருக்கும். வராதவங்க பத்து பேர்தான். கீழ்கிளையில ஐம்பது பேருக்கும் வராது. அறிகுறியே இல்லாம நிக்கிறவங்க மொத்தம் அறுபது. அதுல நோய் உள்ளவங்க பத்து."

"ஆறில் ஒண்ணு" என்றாள் அண்ணன் மகள்.

தூசியக்கா அந்தத் தாளையே பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. திருட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. "இது எப்பலேருந்து?"

"வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும்மா. யாரும் சொல்லலையா?"

"நான் யாரையும் கேக்கலை."

தூசியக்காவும் கையை நீட்டினாள்; இருவருமே ரத்தம் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எந்த வேகத்திலோ தூசியக்கா அச்சகக்காரர் கதையைச் சொல்லிவிட்டாள்.

"அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பாரோ என்னவோ?" என்றாள் அண்ணன் மகள்.

"ஓடியிருப்பார்."

"அது ஒரு கிளைதான் அத்தை. நீங்க ஒண்ணை மட்டும் போட்டுட்டு எழுந்து வந்துட்டீங்க."

தூசியக்காவுக்குச் சுருக்கென்றது. பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

முடிவு வந்த அன்று முதலில் அவளைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அவளுக்கு நோய் இல்லை. வெளியே வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்து அண்ணன் மகள் போனாள். வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மேல்கிளை" என்றாள்.

"ஐயோ, எனக்கு வந்திருக்கக்கூடாதா?"

"உங்களுக்கு வந்திருந்தா எனக்கு வராம போயிடாது அத்தை. ரெண்டும் வேற வேற. என்னோடதை எடுத்து உங்களுக்கு மாத்த முடியாது." சொல்லும்போதே குரல் உடைந்தது. தூசியக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது!

அன்று மாலையே அண்ணன் மகள், கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவன் நில அளவையாளன், அதிகம் பேசாதவன். யோசிக்க வேண்டும் என்று போனவன் சில வாரங்கள் தலைகாட்டவில்லை. அந்த நாட்களில் அத்தையும் அவளும் ஒரே அறையில் படுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு காலையில் அவன் கலைந்த தலையோடு வந்து கதவருகே நின்று, "பதிவு ஆபீஸ்ல நாள் கேட்டுட்டு வந்தேன்" என்றான். தூசியக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அந்த அழுகையில் எவ்வளவு பங்கு பிள்ளைக்கு, எவ்வளவு பங்கு தனக்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவனுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணன் மகள் கையை நீட்டினாள்.

"எனக்கு ஆரம்பிக்கும்போது கூப்பிடுவேன். வருவீங்கல்ல?"

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயும் கூப்பிடு."

பஸ் போனபின் தூசியக்கா வழக்கம்போல் நடந்தே வந்தாள். அறையில் தரையில் விரித்திருந்த இரண்டாவது பாய் அப்படியே கிடந்தது. சுருட்டிப் பரணில் போடலாமா என்று நினைத்தாள்.  பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு ஆளுக்கான அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.